தலையெழுத்தும் தாய்வழி எழுத்தும்

கல்முனைக்கு வடக்கே கடலோரமாகக் கிடக்கும் பாண்டிருப்பிலே, திரௌபதை அம்மன் கோயிலின் 18 நாள் உற்சவம் நிறைவெய்தித் தீப்பள்ளயத்துக்குச் சனம் திரளும் வேளையில், பறையொலியும் ஒலிபெருக்கியும் கலந்து முழங்க, தோளோடு தோள் உராயும் அந்த நெரிசலின் ஓரத்திலே ஏழெட்டு வயதுச் சிறுவனொருவன் இரு செவிகளையும் பொத்திக்கொண்டும், ஏற்கெனவே தழும்பேறிப்போன தன் கையைத் தானே கடித்துக்கொண்டும் நிற்பதையும், தூக்கிச் சுமக்கும் வயதைக் கடந்துவிட்ட அவனை வாரியெடுத்துக்கொண்டு தாயொருத்தி கூட்டத்தை விலக்கி வெளியே ஓடுவதையும் கண்டவர்கள் நம்மிற் பலர் இருப்போம். கண்டவர்கள் சொல்லும் சொற்களையும் நாம் அறிவோம். கண்ணூறு என்பார் ஒருவர். அம்மன் குற்றம் என்பார் மற்றொருவர். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று முடிப்பார் மூன்றாமவர். பக்கத்திலே மருதமுனைக்குப் போனால், அதே பிள்ளைக்குத் தண்ணீர் ஓதிக் கொடுத்திருப்பார்கள். கழுத்தில் இசுமு கட்டியிருப்பார்கள். தமிழ் வீட்டில் தலையெழுத்து என்றும், முஸ்லிம் வீட்டில் நஸீபு என்றும் சொல்லிப் பெருமூச்செறிவதோடு அந்தப் பேச்சு ஓய்ந்துவிடும்.

தலையெழுத்து என்ற சொல்லை நான் இகழமாட்டேன். காரணம் அறிய வழியற்றிருந்த தலைமுறைகள் அச்சொல்லைப் பற்றுக்கோடாகக் கொண்டுதான் உயிர் தாங்கின. ஆயினும் இப்படிப்பட்ட பிள்ளைகளுள் ஒருசாராருக்கு உள்ளபடியே ஓர் எழுத்து உண்டென்பதையும், அது தேகத்தின் ஒவ்வொரு கலத்திலும் எழுதப்பட்டிருக்கிறதென்பதையும், அதனை எழுத்தெண்ணிப் படிக்கக்கூடிய பரீட்சை உலகில் 30 வருஷங்களுக்கு மேலாக இருந்துவருகிறதென்பதையும், அது தாய்மேல் பழி சுமத்தும் எழுத்து அல்லவென்பதையும் நம் ஊர்த் தாய்மார் அறியவேண்டுமென்னும் ஆசையால் இதனை எழுதத் துணிந்தேன்.

ஓட்டிசம் என்பது ஒரு நடத்தைக் கோலத்தின் பெயர். பேச்சு விருத்தியடையாமை, பிறரோடு கண்ணும் முகமும் கலந்து உறவாடாமை, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தல், ஒலிக்கும் தொடுகைக்கும் மிதமிஞ்சிக் கலங்குதல் என்றிவற்றை வைத்திய நிபுணர் நேரிற் பார்த்தும், தாய் தந்தையரை நிதானமாக வினவியும் நிர்ணயம் செய்கிறார். இரத்தத்தைச் சோதித்து ஓட்டிசம் உண்டு இல்லையென்று சொல்ல எந்த ஆய்வுகூடத்தாலும் இயலாது. வெப்பமானி காட்டும் காய்ச்சலைப் போன்றதென்று இதனைக் கருதலாம். அம்பாறை வயலில் இறங்கி உழைப்பவனுக்கு உடம்பு கொதித்தால் காய்ச்சலென்பது பிரத்தியட்சம். அது டெங்குவா, எலிக்காய்ச்சலா என்பது வேறு கேள்வி. காய்ச்சலென்று கண்டதோடு திருப்தியுற்று எந்த வைத்தியரும் அவனை வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஓட்டிசத்தில் மாத்திரம் பெயர் கிடைத்தவுடனே கேள்வி முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகிறோம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு, எவ்வளவு தேடினாலும் ஒற்றைக் காரணம் அகப்படுவதில்லையென்பது மெய்யே. ஆனால் அகப்படக்கூடிய ஒற்றைப் பரம்பரை அலகுக் காரணங்களுள் முன்வரிசையிலே நிற்பது பிரஜைல் எக்ஸ் என்னும் நிலை. ஓட்டிசமென்று இனங்காணப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு அடியிலே கிடப்பது இதுதான். மறுபக்கமாகப் பார்த்தால், முழுமையான பிரஜைல் எக்ஸ் உள்ள ஆண்பிள்ளைகளில் மூன்றிலொரு பங்கு முதல் பாதிவரையானோர் ஓட்டிசத்தின் இலக்கணத்துக்குள் அடங்குவர்.

இவ்விரண்டு சங்கதிகளும் உலகத்தின் பார்வைக்கு வந்தது ஒரே ஆண்டில் என்பது நினைக்குந்தோறும் எனக்கு வியப்பளிப்பது. 1943ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலே லியோ கனர் என்னும் சிறுவர் மனநல வைத்தியர், பிறரோடு ஒட்டாமல் தம்முள்ளே ஒடுங்கி வாழ்ந்த 11 பிள்ளைகளைப் பற்றிய வரலாற்றை எழுதி ஓட்டிசத்தை உலகுக்கு அறிமுகம் செய்தார். அவ்வருஷமே இங்கிலாந்திலே பேர்டன் மார்ட்டின், ஜூலியா பெல் என்னும் இருவர், ஒரே குடும்பத்தின் இரண்டு தலைமுறைகளில் புத்தி விருத்தி குன்றிய 11 ஆண்களை ஒரு வம்சப் படத்திலே வரைந்து காட்டி, இக்குறை புத்தி மங்காத தாய்மார் வழியாக ஆண்மக்களுக்கு இறங்குகிறதென்று நிரூபித்தார்கள். கனர் தம் பிள்ளைகளின் நடத்தையைக் கூர்ந்து நோக்கினார். லண்டன்காரர் இருவரும் பிள்ளைகளின் பாட்டன் பாட்டியைத் தேடிப்போனார்கள். இவ்விரு பாதைகளும் ஒன்றையொன்று சந்திப்பதற்கு ஏறத்தாழ 40 வருஷங்கள் கழிந்தன. அன்று மார்ட்டினும் பெல்லும் கண்ட குடும்பத்தை 1981இல் மீண்டும் சோதித்தபோது, அது பிரஜைல் எக்ஸ் குடும்பமென்பது ஊர்ஜிதமாயிற்று.

இந்த இடைக்காலத்துக் கதையில் ஒரு பகுதியை விரித்துச் சொல்லாமலிருக்க எனக்கு மனம் வரவில்லை. 1969இல் ஹேர்பேட் லப்ஸ் என்னும் அமெரிக்கர், இப்படிப்பட்ட ஒரு குடும்பத்து ஆண்களின் எக்ஸ் நிறமூர்த்தத்தின் நுனியிலே, முறிந்து தொங்குவது போன்ற ஓர் இடைவெளியைக் கண்டார். நொய்மையான எக்ஸ் என்னும் பொருளுடைய பிரஜைல் எக்ஸ் என்ற பெயர் அக்காட்சியினின்றும் பிறந்ததேயாம். ஆனால் வேறு ஆய்வுகூடங்கள் தேடியபோது அந்த முறிவு தென்படவில்லை. அவுஸ்திரேலியரான கிராண்ட் சதர்லண்ட் மெல்பேணிலே இத்தகைய முறிவுகளைக் கண்டவர்; பின்பு அடிலெய்ட் நகருக்கு மாறிச்சென்று அதே வேலையைச் செய்தபோது ஒன்றும் தோன்றாமற்போகவே, திகைத்தவர், நெடுநாள் ஆராய்ந்து, பிழை நோயாளியின் இரத்தத்தில் இல்லையென்றும், கலங்களை வளர்க்கும் ஊட்டக் குழம்பு இரண்டு ஊரிலும் வெவ்வேறாக இருந்ததே காரணமென்றும் 1977இல் வெளியிட்டார். போலிக் அமிலம் குறைந்த பழைய குழம்பிலே முறிவு தெரிந்தது. போஷாக்கு மிகுந்த புதிய குழம்பிலே அது மறைந்துகொண்டது. நல்லூண் பெற்ற கலம் தன் குறையை மறைத்துக்கொள்ள, பட்டினி கிடந்த கலம் அதனைக் காட்டிக்கொடுத்தது! கருவுற்ற தாய்மாருக்குக் கிளினிக்கிலே கொடுக்கும் போலிக் குளிசைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமுமில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்; இது கண்ணாடிப் பாத்திரத்துக்குள்ளே நிகழ்ந்த விசேஷம் மாத்திரமே. அக்குளிசையை எவரும் நிறுத்திவிடலாகாது.

1991ஆம் ஆண்டிலே அந்தப் பரம்பரை அலகு பிடிபட்டது. எஃப்.எம்.ஆர்.1 என்று அதற்குப் பெயர். மருதமுனைக் கைத்தறியிலே கரை வைத்த சாரனோ புடவையோ நெய்வதைப் பார்த்தவர்களுக்கு அதன் இயல்பை விளக்குவது சுலபம். மூன்று நூல் கொண்ட ஒரு சிறு கோலம் கரையிலே முப்பது தரம் திரும்ப வரவேண்டுமென்று வைத்துக்கொள்ளுங்கள்; முப்பது நாற்பதானாலும் புடவை புடவைதான்; நூறானால் கரை புடைக்கும்; இருநூறைத் தாண்டினாலோ தறியே சிக்கிக்கொண்டு நின்றுவிடும். எஃப்.எம்.ஆர்.1இன் தொடக்கத்தில் சி, ஜி, ஜி என்னும் மூன்றெழுத்து இப்படித் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. 44 தடவை வரையில் சாதாரணம். 45 முதல் 54 வரை இரண்டுங்கெட்டான் நிலை. 55 முதல் 200 வரை உள்ளவர் காவி எனப்படுவர். அவர்களிற் பெரும்பாலார் படித்தும் உழைத்தும் குடும்பம் நடத்தியும் வருபவர்கள். 200ஐத் தாண்டும்போது தேகம் அவ்வலகையே பூட்டிவிடுகிறது. பூட்டியதனால், மூளைக் கலங்கள் ஒன்றோடொன்று தொடுக்கும் இணைப்புகளைச் சீர்செய்ய வேண்டிய புரதம் உண்டாகாமற் போகிறது. நீண்ட முகம், எடுப்பான காது, எப்பக்கமும் வளையும் விரல் மூட்டு, தட்டைப்பாதம், சிறுவயதில் ஓயாத காதுவலி, துருதுருப்பு, அச்சம் என்பன அடையாளங்களாகச் சொல்லப்படும். ஆனால் சிறுபிள்ளைகளில் முகத்தைப் பார்த்தே நிர்ணயித்துவிடலாமென்று எவரும் நம்பவேண்டாம். வைத்தியர்கள் விவரிக்கும் ஒரு காட்சி என் மனத்தை விட்டகலாதது: இப்பிள்ளைகள் வந்தவருக்குக் கை கொடுக்க ஆசையோடு கையை நீட்டுவார்களாம், அதே கணத்தில் முகத்தையும் உடலையும் மறுபக்கம் திருப்பிக்கொள்வார்களாம். உறவை நாடும் மனமும் உறவின் வெளிச்சத்தைத் தாங்கமாட்டாத நரம்பும் ஒரே பிள்ளைக்குள் போராடுவதை இதைவிடத் தெளிவாக எவர் காட்ட முடியும்?

இனி நம் ஊர்ச் சங்கதிக்கு வருவோம். மட்டக்களப்பு முதல் அக்கரைப்பற்று வரையுள்ள இக்கரையிலே, தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி பார்க்கும் மரபினர். பிள்ளை தகப்பன் குடியை எடுப்பதில்லை. தாயின் குடியே அதன் குடி. ஒரு குடிக்குள்ளே மாப்பிள்ளை எடுப்பதில்லை. கோயில் வண்ணக்கர் உரிமையும் பள்ளிவாசல் மரைக்கார் உரிமையும் குடிமுறைப்படி வந்தவை. வீடும் வளவும் மகளுக்கே போவதால், அக்காளும் தங்கையும் ஒரே வேலிக்குள் வாழ்வது இங்கு சகஜம். வெளியூர் வைத்தியரொருவர் காகிதத்திலே சதுரமும் வட்டமும் போட்டு மூன்று தலைமுறையை வரைவதற்குள், பாண்டிருப்புக் கிழவியொருத்தி வயிற்றுவார் என்னும் தாய்வழிக் கிளை முறையிலே ஐந்து தலைமுறையைச் சொல்லி முடித்துவிடுவாள். தாய்வழியாக இறங்கும் எழுத்தொன்றைத் தேடுவதற்கு இதைவிடச் சிறந்த ஞாபகச் சுவடி எந்நாட்டில் கிடைக்கும்?

ஆனால் அச்சுவடியிலே ஓரிடம் ஓட்டையாக இருக்கிறது. அவ்வோட்டையைச் சுட்டுவதே நான் முக்கியமாகச் சொல்லவந்தது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்கள். ஒன்று தாய் கொடுத்தது, மற்றது தகப்பன் கொடுத்தது. ஆணுக்கு ஒரே எக்ஸ், அதுவும் தாய் கொடுத்தது. ஆகவே குறையுள்ள பேரனின் எழுத்து அவன் தாயிடமிருந்து வந்ததென்பது நிச்சயம். அவளுக்கோ அது அவள் தாயிடமிருந்தும் வந்திருக்கலாம், தகப்பனிடமிருந்தும் வந்திருக்கலாம். காவியான ஆண் தன் ஒற்றை எக்ஸைப் பெண்மக்கள் அனைவருக்கும் தவறாமல் கொடுக்கிறான். ஆண்மக்களில் ஒருவருக்கும் கொடுப்பதில்லை. அவன் கையால் போகும்போது எண்ணிக்கை 200ஐத் தாண்டுவதுமில்லை. அதனால் மகள்மார் நலமாகவே வளர்கிறார்கள். அவர்கள் பிள்ளை பெறும்போதுதான் எழுத்து பெருகுகிறது. காவியான தாயொருத்தியின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த எக்ஸ் போய்ச்சேரச் சரிபாதி வாய்ப்புண்டு. போகும்போது 90 ஆக இருந்தது பல நூறாக வளர்ந்துவிடக்கூடும். அம்மப்பாவோ, குடிக்கணக்கிலே பேரப்பிள்ளைகளின் குடியைச் சேராதவர். வேற்றுக்குடியிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவர். வயிற்றுவாரை மட்டும் எண்ணிப் பார்ப்பவர் கண்ணுக்கு அவர் புலப்படுவதில்லை.

ஒரு வளவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தலைவாசலிலே அறுபத்தெட்டு வயது அம்மப்பா தேநீர்க் கோப்பையைத் தூக்குகையில் கை நடுங்குகிறது, நடையும் தள்ளாடுகிறது, வயதின் கோளாறு என்கிறார்கள். மூத்த மகளுக்கு முப்பத்தாறு வயதிலே மாதவிலக்கு நின்றுபோயிற்று; அவளுக்குப் பிள்ளையில்லை; கோயிலுக்கு நேர்த்திவைத்து அலைந்தாள். இளையவளின் மகன்தான் தீப்பள்ளயத்தன்று கையைக் கடித்துக்கொண்டு நின்றவன். மூன்று வீடுகளில் மூன்று துன்பம். மூன்றையும் மூன்று வெவ்வேறு கிளினிக்கிலே காட்டுகிறார்கள். இம்மூன்றுக்கும் வேர் ஒன்றாகவே இருக்கக்கூடும். ஐம்பதைக் கடந்த காவி ஆண்களிற் கணிசமானோருக்கு நடுக்கமும் தள்ளாட்டமும் வருமென்பது 2001 முதல் வைத்திய உலகம் அறிந்தது. காவிப் பெண்கள் ஐவரில் ஒருத்தி அளவிலே நாற்பதுக்கு முன்னரே சூலகம் தளர்ந்துபோகிறாள். நடுங்கும் கைகளெல்லாம் இவ்வெழுத்தால் வந்தவையென்று நான் சொல்லவில்லை. பேரனைக் கொண்டுபோகும்போது அம்மப்பாவின் நடுக்கத்தையும் பெரியம்மாவின் மலட்டுத்தன்மையையும் வைத்தியருக்குச் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

"எங்கட குடியில இப்பிடி ஒருத்தரும் இல்லப் புள்ள, இது உன்ட வயித்தால வந்தது" என்று மாமியொருத்தி சொல்லும் சொல் எத்தனை வீடுகளில் ஒரு பெண்ணின் நெஞ்சைத் துளைத்திருக்கும்! மேலைநாட்டுப் பண்டிதர்களும் இப்பாவத்தைச் செய்தவர்களே. தாயின் பாசம் குளிர்ந்துபோனதால் பிள்ளைக்கு ஓட்டிசம் வந்ததென்று புரூனோ பெற்றல்ஹைம் 1967இல் நூலெழுதிப் பிரசித்தி பெற்றார். அதற்கு 3 வருஷம் முன்னரே, ஓட்டிசமுள்ள மகனொருவனின் தகப்பனான பேர்னாட் ரிம்லண்ட், இது மூளையின் அமைப்பிலே தோன்றுவதென்று எழுதி மறுத்திருந்தார். 1977இல் சூசன் போல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்து, ஒரே கருவினின்று பிரிந்த 11 சோடிகளில் நான்கில் இருவருக்குமே ஓட்டிசம் இருப்பதையும், இருகரு இரட்டையரான 10 சோடிகளில் அப்படி ஒன்றுமில்லாதிருப்பதையும் காட்டியபின், தாயின் பாசத்தைப் பழிக்கும் வாதம் ஒடுங்கலாயிற்று. பாசத்தில் குறைவைத்தாள் என்ற பழி நீங்கிய இடத்திலே, குறையுள்ள எழுத்தைக் கொடுத்தாள் என்ற பழியைக் கொண்டுவந்து வைப்போமானால் நாம் ஒன்றும் கற்றவர்களல்லோம். தான் சுமப்பதை அறியாமலே சுமந்தவள் அவள். சொந்தத்துக்குள்ளே, மச்சாள் முறையிலே கல்யாணம் முடித்ததனால் வந்ததென்று சொல்வாரும் உளர். தாயும் தகப்பனும் ஒரே குறையைச் சேர்ந்து கொடுத்தால் மட்டும் தோன்றும் வேறுசில பரம்பரை வியாதிகளுக்கு அது பொருந்தும். பிரஜைல் எக்ஸுக்கு ஒருத்தியின் ஓர் எக்ஸே போதும். மாப்பிள்ளை எந்தத் தேசத்தவனாயினும் அதில் மாற்றமில்லை.

இது பிறநாட்டு வியாதியென்றும் ஒதுக்கலாகாது. இலங்கை முழுவதிலுமிருந்து, விசேட கல்வி நிலையங்களிற் பயிலும் 5 முதல் 18 வயதுவரையான 850 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்துக் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தார் நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. முதற்கட்டத்திலே ஊசிகூடப் போடவில்லை. கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்த கலங்களே போதுமாயிருந்தன. ஆண்பிள்ளைகள் 540 பேர், பெண்பிள்ளைகள் 310 பேர். நூற்றுக்கு 2.2 பேரிடம் எழுத்துப் பெருக்கம் காணப்பட்டது, நூற்றுக்கு 1.3 பேர் முழுமையான பிரஜைல் எக்ஸ் உள்ளவர்கள். அத்தனை பேரும் ஆண்பிள்ளைகள். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 11 பிள்ளைகள். 1943இல் கனர் கண்டதும் 11, மார்ட்டினும் பெல்லும் வரைந்ததும் 11. ஓட்டிசத்தைப் பொறுத்தவரையில், ஹேமமாலி பெரேராவும் அவர் குழுவினரும் இந்நாட்டின் அரைநகர்ப் பகுதியொன்றில் ஒன்றரை முதல் இரண்டு வயதுக் குழந்தைகள் 374 பேரைப் பரிசோதித்து, 93 பேருக்கு ஒருவர் என்ற வீதத்தை 2009இல் வெளியிட்டார்கள்.

பரீட்சையைப் பற்றிச் சிலவற்றைத் திட்டமாகச் சொல்லவேண்டும். ஏனெனில் பணமும் நாளும் வீணாவது இங்கேதான். நிறமூர்த்தங்களை எண்ணிப் பார்க்கும் சாதாரணப் பரிசோதனை இதற்குப் போதாது. இக்காலத்தில் விலையுயர்ந்ததாகப் பேசப்படும் மைக்ரோஅரே பரிசோதனையும், ஆயிரக்கணக்கான அலகுகளை ஒரேயடியாக வாசிக்கும் எக்ஸோம் பரிசோதனையும்கூட, மீண்டும் மீண்டும் வரும் இம்மூன்றெழுத்தை எண்ணுவதற்கென்று அமைந்தவையல்ல. அவற்றிலே ஒன்றும் தெரியவில்லையென்று தாள் வந்ததும் பரம்பரைக் காரணமே இல்லையென்று முடிவுகட்டுவது தவறு. எஃப்.எம்.ஆர்.1 என்ற பெயரைக் குறித்தே பரிசோதனை கேட்கப்படவேண்டும். பி.சி.ஆர். முறையாலும், நீண்ட பெருக்கங்களுக்குச் சதேர்ன் முறையாலும் எழுத்து எண்ணப்படுகிறது. ஓட்டிசத்தோடு புத்தி விருத்தியும் தாமதமான ஆண்பிள்ளைக்கும், தாய்வழியில் அப்படியொருவர் இருந்த எந்தப் பிள்ளைக்கும் இதனைக் கேட்பது அவசியம். கல்முனையில் ஒன்றுக்கு இரண்டு ஆதார வைத்தியசாலைகள் உண்டு. பிள்ளையைப் பார்த்துக் கடிதம் எழுத அங்கு முடியும். எழுத்தை எண்ணுவதற்கு இரத்தம் கொழும்புக்குப் போகவேண்டும். மருத்துவ பீடத்தின் மனிதப் பரம்பரையியல் பிரிவு 1983 முதல் அங்கு இயங்குகிறது. இரவு பஸ்ஸிலே, சத்தத்துக்கு நடுங்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை தூரம் போகவேண்டுமென்று எந்தத் தாயும் தயங்குவாள். பிள்ளை போகத் தேவையில்லை, இரத்தக் குப்பி போனாற் போதுமென்று வைத்தியசாலைகள் ஒழுங்குசெய்தால் எத்தனை பேருக்கு உபகாரமாகும்!

காரணம் தெரிந்தால் குணமாகிவிடுமா என்று கேட்பீர்கள். பூட்டிய அலகைத் திறக்கும் மருந்து இன்னும் இல்லை. உண்மையை மறைத்து நம்பிக்கை விற்பவர்களிடம் எச்சரிக்கையாயிருங்கள். ஆனால் பயன் இல்லாமலில்லை. நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்கு வலிப்பு வரலாமென்று வைத்தியர் முன்கூட்டியே காத்திருப்பார், காதுகளைச் சோதிப்பார், துருதுருப்புக்கும் அச்சத்துக்கும் உரிய மருந்தைத் தெரிந்து கொடுப்பார். கண்ணைப் பார்த்துப் பேசு என்று வகுப்பிலே வற்புறுத்துவது இப்பிள்ளைக்குத் தண்டனையென்று ஆசிரியை அறிவார். பக்கத்திலே இருந்து, முகம் நோக்காமல், ஒரே நேர அட்டவணையிலே, படங்காட்டிச் சொல்லிக்கொடுத்தால் இவர்கள் கற்கிறார்கள். பேச்சுச் சிகிச்சை இரண்டு வயதில் தொடங்குவதும் ஏழு வயதில் தொடங்குவதும் ஒன்றல்ல. எல்லாவற்றையும்விட, வைத்தியர் வைத்தியராய் அலைந்து, ஒவ்வொரு புதிய வாசலிலும் ஏதோவொரு விடை கிடைக்குமென்று நகையை அடகுவைத்துக்கொண்டிருந்த தாய் அலைவதை நிறுத்துகிறாள். அந்த ஒன்றுக்காகவே நான் இப்பரீட்சையை வேண்டுவேன்.

கடினமான கேள்வி மிச்சமிருக்கிறது. நாம் கற்பனை செய்த அந்த வளவிலே கடைசித் தங்கைக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். சீதன வீட்டுக்கு அத்திவாரம் போட்டாயிற்று. அக்காள் மகனின் பரிசோதனைத் தாள் வெளியே தெரிந்தால் சம்பந்தம் குலைந்துவிடுமென்று பயந்து, தாளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அப்பயம் பொய்யானதென்று நான் சொல்லமாட்டேன். நம் ஊர் அப்படிப்பட்டதுதான். ஆனால் அவள் காவியா அல்லவா என்று அறியும் உரிமை முதலாவதாக அவளுடையது. அம்மப்பாதான் காவியென்றால் அவளும் காவி. அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. தாய் வழியாக வந்ததென்றால் பாதிக்குப் பாதி. அறிந்தபின் அவள் என்ன செய்வாளென்பது அவளும் அவள் மாப்பிள்ளையும் தங்கள் மனச்சாட்சியையும் மார்க்கத்தையும் கொண்டு முடிவுசெய்யவேண்டியது. அதனை விளக்கிக் கூறுவதோடு பரம்பரை ஆலோசகரின் கடமை முடிகிறது. அறியாமலே மூன்று பிள்ளைகளைப் பெற்று, மூன்றாவது பிள்ளைக்கும் ஏழு வயதானபின் அறிய நேர்ந்த தாய்மார் உலகெங்கும் உண்டு.

கிளினிக் கொப்பியைக் கொண்டுபோகும்போது அதற்குள் ஒரு தாளையும் வைத்துக்கொள்ளுங்கள். அம்மம்மாவைக் கேட்டுக் குடிமுறையை எழுதுங்கள்: அவர் பெற்றவர்கள், அவருடைய சகோதரிகள், அவர்களின் ஆண்பிள்ளைகள், பேசாதவர், பள்ளிக்கூடம் போகாதவர், சிறுவயதிலே இறந்தவர். பிறகு அம்மப்பாவின் பக்கம் திரும்புங்கள். அவர் குடி வேறு, அவர் பிறந்த ஊரும் வேறாயிருக்கலாம். அவருடைய தாய் யார், தாயின் சகோதரிகள் யார், அவர்களுக்குப் பிறந்த ஆண்பிள்ளைகளிலே "அவன் கொஞ்சம் அப்பாவி" என்று சொல்லி ஒதுக்கப்பட்ட ஒருவர் இருந்தாரா என்று கேளுங்கள். நடுங்கும் கையோடு தேநீரைக் கீழே வைத்துவிட்டு அவர் யோசிப்பார். இருந்தார் என்பார்.